சித்திரத் தையலும் செய்தார் பெயரும்

குறுந்தொகை, நற்றிணை முதலிய தொகைநூல்களைத் தொகுத்த முன்னோர் நமக்குச் செய்த உதவிகளுள் ஒன்று பெரும்பாலும் எண்ணப்படாமலே கிடக்கின்றது. பாட்டுக் கிடைத்துப் பாடினார் பெயர் கிடையாத இடங்களில், அப்பாட்டைப் பெயரற்றதாக விட்டுவிட அவர்க்கு மனம் ஒருப்படவில்லை. பாட்டினுள்ளேயே கிடந்த ஓர் அழகிய தொடரை எடுத்து, அதனையே பாடினார்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், ஓரேருழவனார், குப்பைக்கோழியார், தேய்புரிப்பழங்கயிற்றினார் என்னும் பெயர்கள் இங்ஙனம் பிறந்தன. ஊரும் குடியும் அறியப்படாத அப்புலவர்கள், தாம் செய்த வேலையாலேயே பெயர் பெற்று இன்றும் நம் வகுப்பறைகளில் வாழ்கின்றனர். தேர்வுத்தாளில் அப்பெயர்களைப் பிழையின்றி எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றோம்.

'நூல்' என்னும் சொல் நம் மொழியில் ஏட்டிற்கும் பெயர், இழைக்கும் பெயர். பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்தில் இவ்விரண்டையும் ஒருங்கு பிணைத்து, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தார். புலவனுக்கு உவமையாகும் தகுதி பெற்ற அப்பெண், தன் பெயரால் அழைக்கப்படும் தகுதியைப் பெற்றாள் அல்லள். சொல்லால் இழைத்தவர்க்கு இல்லாத பெயரையும் படைத்துக் கொடுத்த நாடு, நூலால் இழைத்தவர்க்கு இருந்த பெயரையும் தொலைத்துவிட்டது. ஊசியால் உருவம் படைப்பவர்க்குத் தைத்த கூலி மட்டும் போதாது; அவர் வரைந்த வரைவுக்குப் பெயரும் வேண்டும், விலையும் வேண்டும் என்பதே யாம் ஈண்டு நாட்ட விழையும் கொள்கை.

சித்திரத் தையலைக் கண்டவுடன் நம்மவர் கூறும் புகழுரை ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு பொறுமை!" கம்பராமாயணத்தைப் படித்து முடித்த ஒருவர், "எத்தனை ஏடு எழுதினார்! கை நோகவில்லையோ?" என்று வியந்தால் அவரை யாது சொல்வோம்? பொறுமை மறுக்கத்தக்கதன்று. ஆயினும் பொறுமை தைக்குமேயன்றி வரையாது.

இக்காலத்தில் மணமகளிர் ரவிக்கைகளில் எங்கும் காணப்படும் ஆரி வேலையையே எடுத்துக்கொள்வோம். முதலில் மெல்லிய தாளில் உருவம் வரையப்படுகின்றது. வரைந்த கோட்டின்மேல் ஊசியால் நெருங்கத் துளையிடுவர். அத்தாளைத் துணியின்மேற் பரப்பி, மண்ணெண்ணெயிற் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால், துளை வழியே இறங்கிய புள்ளிகள் துணியிற் கோலப்புள்ளிகள் போல நிற்கும். பின்னர்த் துணியை மரச்சட்டத்தில் முரசுத்தோல் போல இறுகக் கட்டி, கொக்கி முனையுள்ள ஊசியை மேலிருந்து செலுத்தி, கீழே இடக்கை பிடித்திருக்கும் நூலை வளையம் வளையமாக மேலே இழுப்பர். மேலே ஓடும் வலக்கையைப் பார்ப்போர் பலர். துணிக்கு அடியில் மறைந்து நூலூட்டும் இடக்கையைப் பார்ப்போர் சிலர். அவ்விரண்டு கைகளும் தொடங்குமுன்னரே வேலையை முடித்துவிட்ட கை ஒன்று உண்டு. அது தாளில் வரைந்த கை. கழுத்தோரத்தில் எங்குத் தொடங்கினால் கொடி தோளில் முறியாமல் திரும்பும், எவ்விடத்தை வெறிதே விட்டால் பட்டின் நிறம் எடுப்பாகத் தோன்றும், உடுத்தவள் கையை மடக்குங்கால் உதிராமலிருக்க எங்கெங்கு மணியைத் தவிர்த்து நூலால் மட்டும் நிரப்புதல் வேண்டும் என்பனவெல்லாம் அக்கை அறிந்திருத்தல் வேண்டும். அசையும் சீரும் அறியாதவன் வெண்பாப் பாடுவதெங்ஙனம்?

ஆரி என்பது வடநாட்டுச் சொல். தோல் தைக்கும் குத்தூசிக்குப் பெயர். குஜராத்தின் கச்சுப் பகுதியில் தோல் தைத்துவந்த மோச்சிகள் அவ்வூசியைத் துணிக்கு மாற்றிப் பூவேலை செய்து புகழ்பெற்றனர். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில், மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை அடுக்கிக் கூறுமிடத்துத் துணி தைப்பாரும் தோல் தைப்பாரும் அடுத்தடுத்து நிற்கின்றனர். கச்சு நாட்டிலும் புகாரிலும் இவ்விரு தொழிலும் அண்டை வீட்டுத் தொழில்களே போலும்! இளங்கோவடிகள் தொழிலைச் சொன்னார். தொழிலாளர் பெயரைச் சொல்லுதற்கு அங்கு இடமில்லை.

விவிலியமோ இவ்வகையில் கவனம் மிக்கது. ஆசரிப்புக் கூடாரத்தை அமைத்தோர் இன்னார் என்று கூறும் யாத்திராகமம், நீலநூலாலும் செந்நூலாலும் சித்திரத்தையல் செய்தவன் அகோலியாப் என்று பெயரைச் சொல்லி, அவன் தந்தை அகிசாமாக் என்றும், கோத்திரம் தாண் என்றும் விடாமல் குறிக்கின்றது. அப்போஸ்தலர் நடபடிகளிலே யோப்பாப் பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, அவளால் உதவி பெற்ற விதவைகள் அவள் தைத்த உடைகளையே பேதுருவின் முன் எடுத்துக் காட்டி அழுதனர். அவளைக் குறித்து வேறொரு சாட்சி அங்குத் தேவைப்படவில்லை. ஞாயிறுதோறும் இவற்றைக் கேட்டு வளர்ந்த நம் சபையாரே, தம் நாட்டுத் தையற்பெண்கள் திறத்தில் வேறு வகையாக நடந்தனர் என்பதே வியப்பு.

அவ்வரலாறு நாகர்கோவிலில் தொடங்குகின்றது. லண்டன் மிஷன் ஊழியரான சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவியார் மார்த்தா அம்மையாரும் 1819ஆம் ஆண்டு அங்கு வந்தனர். 1821ஆம் ஆண்டளவில் அவ்வம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்பிக்கலானார். (ரேந்தை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்; சாவியும் ஜன்னலும் போல. இன்று 'லேஸ்' என்றாலன்றி நம்மவர்க்கு விளங்குவதில்லை.) தலையணைபோன்ற மெத்தையின்மேல் துளையிட்ட அட்டையை வைத்து, துளைதோறும் குண்டூசி நிறுத்தி, சிறு கட்டைகளிற் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி முறுக்கிப் பின்னுவது அவ்வேலை. இங்கும் அட்டையில் துளையிட்டவர் கையிலேதான் சித்திரம் இருக்கின்றது. பின்னுவோர் அத்துளைகளைத் தொடர்ந்து செல்வர். அந்த ரேந்தை ஐரோப்பியரிடத்து நல்ல விலைக்குப் போயிற்று. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே, அடிமைகளாய்ப் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர். அன்பர்காள்! ஒரு முழம் பின்னலுக்குள் அவ்வளவு பெரிய செய்தி அடங்கியிருந்தது. அதே நாட்டில் கீழ்ப்படுத்தப்பட்ட குடியிற் பிறந்த பெண்கள் மார்பை மறைத்து உடுப்பதற்குப் பல்லாண்டு போராடி, 1859ஆம் ஆண்டின் அரச ஆணையால் அவ்வுரிமையைப் பெற்றனர். அப்போராட்டத்திலும் மிஷன் அம்மையார் தைப்பித்துக் கொடுத்த குப்பாயத்திற்கு ஓர் இடம் உண்டு. தையல் வெறும் பொழுதுபோக்கு என்பார் இவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராக.

மால்ட் தம்பதியரின் மகளார் எலிசா அம்மையாரே 1844ஆம் ஆண்டில் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தவர். தாயிடம் கற்ற தொழிலைத் தேரிமணலுக்கு நடுவே அமைந்த அச்சிற்றூரிலும் பரப்பினார். ஐயர் இயற்றிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ் பயிலும் எமக்கு அந்நூலின் பெருமை சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 1968ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலையும் எடுத்தனர், தகுந்ததே. ஒரே வீட்டில் ஓர் அறையில் சொற்களை ஒப்பிட்டு ஒரு நூல் உருவாகியது. மற்றொரு பக்கத்தில் இழைகளை மாற்றி மாற்றி மற்றொரு நூல்வேலை நடந்தது. முன்னதைச் செய்தவர் பெயரை நம்மில் யாவரும் அறிவோம். பின்னதைக் கற்பித்த அம்மையாரைக் கால்டுவெல் ஐயரின் மனைவியார் என்று அறிவோம். அவரிடம் கற்றுப் பின்னிய பெண்களுள் ஒருத்தியின் பெயரையேனும் சொல்லவல்லார் நம்முள் யாவர்?

இதற்குக் காரணம் பகைமையன்று, பழக்கமே. வீட்டிலிருந்தபடி ஒரு பெண் செய்வது எதுவாயினும் அது ஓய்வு நேரத்து வேலை என்று உலகம் கணக்கிட்டுக்கொள்கிறது. ஆந்திர நாட்டு நரசாபுரத்து ரேந்தைப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனையே விரித்துரைத்தது. உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் பெண்கள், வேலையாட்களாக எண்ணப்படாமல் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டனர். அவ்வெண்ணமே கூலியைக் குறைத்து வைத்தது என்று அவர் காட்டினார். கூலிக்கே இக்கதியானால், வரைவுக்கு யார் விலை கேட்பார்?

இவையெல்லாம் ஏட்டுச் செய்தி என்று எண்ணுவார்க்காக எம் குடும்பத்துச் செய்தி ஒன்றையும் சொல்கின்றோம். சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டியில் எம் அத்தையார் வாழ்கின்றார். முன்னர் அவர் பட்டாசு ஆலையிற் பணிபுரிந்தவர். அவ்வட்டாரத்தில் பெண்கள் செல்லும் வழி பெரும்பாலும் அதுதான். வழியின் அச்சமும் யாவரும் அறிந்ததே. 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அண்மையிலுள்ள ரெங்கபாளையத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெண்களே மிகுதி. அதற்குப் பின் அத்தையார் ஆலைக்குச் செல்லவில்லை. முன்பே பொழுதுள்ளபோது பழகியிருந்த ஆரி ஊசியை முழுத் தொழிலாக்கிக்கொண்டார்.

அவருடைய நாள் விடியுமுன் தொடங்கும். தண்ணீர் பிடித்து, உலை வைத்து, இளைய மகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் சட்டத்தின்முன் அமர்வார். கிழக்குச் சன்னலருகில் காலையிலும், மேற்கு வாசலருகில் மாலையிலும் சட்டம் இடம் மாறும். வெயிலைத் தொடர்ந்து நகரும் அச்சட்டத்தைக் கொண்டே அவ்வீட்டில் மணி சொல்லலாம். முகூர்த்த மாதங்களில் இரவு விளக்கிலும் வேலை நடக்கும். மறுநாள் கண் சிவந்திருக்கும். மாமா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கின்றார். அச்சுப் பிசகிய காலண்டர்த் தாள்களை அவர் கொண்டுவருவார். முன்பக்கத்தில் முருகனோ இலட்சுமியோ நிறம் விலகி நிற்க, பின்பக்கத்து வெண்மையில் அத்தையார் பென்சிலால் கொடி வரைவார். எம் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அவ்வெண்மையிலிருந்து வருகின்றது. எனவே இக்கட்டுரையில் யாம் நடுநிலையாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

வாடிக்கைக்காரர் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதேபோல் வேண்டும்" என்பர். அத்தையார் அதேபோல் செய்து கொடுப்பார். அதில் அவர்க்கு மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. எப்போதாவது ஒரு பெண், "உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்" என்றால் அன்று முகமே வேறு. அவ்வாறு ஒரு மணப்பெண்ணுக்காக அவர் வரைந்தது புசுவாணம். முழங்கைக்கு மேலே விளிம்பில் சிறிய கூம்பு. அதிலிருந்து மெல்லிய ஜரிகைக் கோடுகள் எழுந்து, மேலே செல்லச் செல்ல விரிந்து, தோளருகில் சமிக்கிப் பொறிகளாகச் சிதறும். கீழே நெருக்கம், மேலே இடைவெளி; அந்த இடைவெளியிலேதான் கருநீலப் பட்டு இரவாக நின்றது. மயிலும் மாங்காயும் தாமரையும் அன்றி வேறறியாத ரவிக்கை உலகில், தம் ஊர்த் தொழிலின் நெருப்பை எடுத்துப் பூவாக்கிய அவ்வரைவைக் கண்டு யாம் சற்று நேரம் வாயடைத்து நின்றோம். எந்த ஆலைக்கு அஞ்சி வெளியேறினாரோ அவ்வாலையின் ஒளியை மட்டும் உடன் கொண்டுவந்துவிட்டார் என்று எமக்குத் தோன்றிற்று. அவரிடம் இதனைச் சொன்னோம். "தீபாவளிக்கு நீயும் பார்ப்பதுதானே" என்றார்.

அத்திருமணம் முடிந்த சில திங்களில், நகரத்துக் கடை ஒன்று அப்புசுவாணக் கையைத் தன் வரைவென்று விளம்பரம் செய்து விற்கலாயிற்று. கடையின் பெயர் ஈண்டு வேண்டா. பின்னர் அக்கடைக்காரரே, அத்தையாருக்கே, அதே கையைத் தைத்துத் தரும்படி ஆறு ரவிக்கைகளை அனுப்பினார்! அவர் கொடுத்த கணக்குச் சீட்டை யாம் பார்த்தோம். மணிக்கு ஒரு வரி, ஜரிகைக்கு ஒரு வரி, கைக்கூலிக்கு ஒரு வரி. வரைந்ததற்கு வரி இல்லை. அத்தையார் சினக்கவில்லை, கண்ணியிலே மட்டும் ஒரு பொறி குறைத்துத் தைத்தார். அஃது அவர் தம் மூலத்திற்குச் செய்துகொண்ட மரியாதை போலும்.

அதே சிவகாசி அச்சு உலகில் மற்றொரு மரபும் உண்டு என்பதை நினைக்கும்போதுதான் இக்குறை பெரிதாகின்றது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் காலண்டர்களாகத் தமிழ்நாட்டுச் சுவரெங்கும் தொங்கின. படத்தின் மூலையில் அவர் பெயர் இருந்தது. லட்சக்கணக்கில் அச்சேறியும் அவர் பெயர் உதிரவில்லை. இன்று ஆராய்வோரும் அப்பெயரைக் கொண்டே படங்களை அறிகின்றனர். காலண்டரின் முன்பக்கத்துக்குப் பெயர் உண்டு. பின்பக்கத்தில் வரைபவர்க்கு இல்லை. தாளின் கனம் ஒரு நூலிழை. அவ்வளவே இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். "கொடியும் மயிலும் கோலமும் யாவர்க்கும் பொது, அவற்றை எனதென்று ஒருவர் கூறுவது எங்ஙனம்?" என்பர். வெண்பாவும் யாவர்க்கும் பொதுவே. புகழேந்தியார் நளவெண்பாப் பாடியதால் வெண்பா அவர்க்கு உரிமையாகவில்லை. ஆயினும் நளவெண்பா அவருடையதன்று என்று யாரும் சொல்வதில்லை. மரபு பொது, படைப்புத் தனி. சமுதாயம் முழுவதற்கும் உரிய தையலும் உண்டென்பதை யாம் மறுக்கவில்லை. நீலகிரித் தோடர் வெண்துணியில் செந்நூலும் கருநூலும் கொண்டு இழையெண்ணித் தைக்கும் பூவேலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது குலத்தின் பெயரைக் காக்கும். தைத்தவள் பெயரைக் காப்பது அதன் வேலையன்று.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்திற்குப் பத்தாண்டு உரிமையும், வேண்டின் மேலும் ஐந்தாண்டும் கிடைக்கும். ஆனால் பதிவுக்கு முன்னரே வெளிப்பட்டுவிட்ட வடிவத்தை அச்சட்டம் ஏற்பதில்லை. மணப்பந்தலில் ஆயிரம் பேர் கண்டு, அன்றிரவே படமாக உலகெங்கும் பரவிய ரவிக்கையை எம் அத்தையார் எப்பதிவகத்திற்குக் கொண்டு செல்வார்? விண்ணப்பம் எழுதும் நாளில் அவர் இன்னொரு கையைத் தைத்து முடித்திருப்பார். ஆகலின் சட்டத்தை நம்பியிராமல், வாங்குவோரும் விற்போரும் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளுதலே நடக்கக்கூடிய காரியம்.

அது நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். ஆண்டுதோறும் நம் வளாகத்தில் நடைபெறும் விற்பனை விழாவில் பெண்கள் தைத்த மேசை விரிப்புகளும் கைக்குட்டைகளும் ஜெபப்புத்தக உறைகளும் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் சிறு சீட்டுத் தொங்குகின்றது. அதில் விலை மட்டும் இருக்கின்றது. பழைய மாணவர்கள் வந்து தாராளமாக வாங்கிச் செல்கின்றனர். ஏழைகளுக்கு உதவினோம் என்று மகிழ்கின்றனர். உதவி என்னும் சொல்லே எமக்கு உறுத்துகின்றது. சித்திரத்தை வாங்கினோம் என்றன்றோ சொல்லல் வேண்டும்? அச்சீட்டில் இனி மூன்று செய்திகள் எழுதப்படுமாக: வரைவின் பெயர், வரைந்தவர் பெயர், தைத்தவர் பெயர். பின்னிரண்டும் ஒருவரேயாயினும் இருமுறை எழுதுக. இரண்டும் வேறு வேலை என்பது வாங்குவார்க்கு அப்போதுதான் தெரியும். வரைந்ததற்கென விலையில் ஒரு பங்கு தனியே குறிக்கப்படுமாக. சீட்டு எழுதும் பணியைத் தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய யாங்கள் மேற்கொள்ளச் சித்தமாயிருக்கின்றோம். எழுத்துப் பிழை இராது என்று உறுதி கூறுகின்றோம்.

தம் பெயர் கடைவீதியில் தொங்குவதைச் சில பெண்கள் விரும்பார் என்பதையும் எண்ணிப் பார்த்தோம். அத்தகையார்க்குத் தொகைநூலார் காட்டிய வழி இருக்கின்றது. அவர் வரைந்த உருவத்தையே பெயராக்கிவிடலாம். எம் அத்தையாருக்குப் 'பொறிமலர்க்கையார்' என்று ஒரு பெயரையும் இயற்றிக்கொண்டு விடுமுறையில் எம். புதுப்பட்டிக்குச் சென்றோம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். புலவர் பெயரெல்லாம் தமக்கு வேண்டாம் என்றும், அவசியமானால் ஊர்ப்பெயரை மட்டும் போடும்படியும் சொன்னார். ஊரால் பெயர் பெற்ற சங்கப் புலவர் பலராதலின், அதுவும் மரபே என்று யாம் உடன்பட்டோம். ஒன்றை மட்டும் வற்புறுத்தினார்: முன்னுள்ள 'எம்' என்னும் எழுத்தை விட்டுவிடக் கூடாதாம். நம் ஜில்லாவில் புதுப்பட்டிகள் பல. புசுவாணக் கை எந்தப் புதுப்பட்டியிலிருந்து வந்ததென்று பின்னர் யாரும் மயங்கலாகாது என்றார்.